மருமகளுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

கேரளத்துக் கவடியாரில் இன்றைக்கும் ஒரு மகாராஜா உண்டு. அங்குள்ள அரண்மனைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு காம்பவுண்டுச் சுவர் எழுப்பிய வீடுகள் உள்ள ஒரு தெருவில், மாமரத்தடியில் வண்டி போட்டு ஊரார் துணியைத் தேய்த்துக் கொடுக்கிறவர். பிள்ளைக்கு மகாராஜா என்று பெயர் வைத்துவிட்டால் மீதியை அவனே பார்த்துக்கொள்வான் என்று அவருடைய அப்பா நினைத்திருக்க வேண்டும். அந்த மகாராஜாவின் ஒரே மகள் அனுஷா.

அனுஷா இப்போது சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். வாயைத் திறந்தால் எதிராளி தண்ணீர் குடிக்க எழுந்துபோக வேண்டியதுதான். ஆனால் பதினைந்து வயதுவரை அந்த வாய் எங்கே போயிருந்தது என்று அவள் அம்மா பேச்சிக்கே தெரியாது. சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறை வீட்டில், வைத்ததைத் தின்று, கொடுத்ததை உடுத்து வளர்ந்த பெண். அந்த வாய் திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மண்டபத்தில், போலீஸ்காரர் முன்னிலையில்.

முதலில் பள்ளிக்கூடத்தைச் சொல்லிவிட வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு பரீட்சை எழுதி, நகரத்துக்கு வெளியே குன்றின்மேல் இருக்கிற பெரிய பள்ளியில் அனுஷா இலவச இடம் வாங்கினாள். அங்கே நீச்சல்குளம் உண்டு, குதிரை உண்டு, குதிரையைக் குளிப்பாட்ட ஆள் உண்டு. கூடப் படித்தவர்களின் வீட்டில் ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகள், நகைக்கடைகள். மே மாத விடுமுறைக்கு அவர்கள் பனி பார்க்கப் போவார்கள். அனுஷா சங்கரன்கோவிலுக்கு வெயில் பார்க்கப் போவாள்.

கேலி செய்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் முதல் நாள் போனாள். ஒருத்தரும் கேலி செய்யவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அவர்கள் அத்தனை நல்லவர்களாக இருந்தார்கள். கடலோரத்தில் பெரிய ஓட்டல் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் அஸ்வதி, முதல் வாரத்திலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பாவுக்கு என்ன வேலை என்று விசாரித்தாள். தேய்ப்பு என்றாள் அனுஷா. மறுநாள் காலை அசெம்பிளியில் உழைப்பின் மேன்மை பற்றி ஒரு சொற்பொழிவு நடந்தது. யார் சொல்லி நடந்தது என்று அனுஷாவுக்குத் தெரியும். தரைக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

அஸ்வதிக்கு அவள்மேல் உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். கேன்டீனில் மற்றவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பாள், அனுஷாவுக்கு மட்டும் கேட்காமலேயே எல்லாவற்றிலும் இரண்டு வாங்கி வைப்பாள். அவளுக்கு நீலம் பிடிக்கும் என்று ஒரு நாள் முடிவு செய்தாள், அன்றிலிருந்து பேனா, பை, தலைக்கிளிப் எல்லாம் நீலமாகவே வந்தன. அனுஷாவுக்குப் பிடித்தது மஞ்சள். பள்ளியில் குழந்தைகள் உரிமைக்கு ஒரு கிளப் இருந்தது. அதற்கு அஸ்வதி தலைவி, அவளுடைய இணைபிரியாத தோழி ஆர்ஷா செயலாளர். கிளப்பின் தெருநாடகங்களில் காப்பாற்றப்படுகிற குழந்தை எப்போதும் அனுஷாதான். மூன்று வருஷமாக அவள் செங்கல் சூளையிலிருந்தும் பட்டாசு ஆலையிலிருந்தும் மாறி மாறி மீட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட அஸ்வதிக்குப் பதினாறாவது பிறந்தநாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுடைய கடற்கரை ஓட்டலில் கொண்டாட்டம், அன்று இரவு தோழிகள் எல்லோரும் அங்கேயே தங்கல். அனுஷாவையும் அழைத்தாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக, அவளுக்கு உதவி செய்வதற்காக இல்லாமல், அவளோடு இருப்பதற்காக வந்த அழைப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று அனுஷா ஆசைப்பட்டதுபோல் அதுவரை எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் சடங்கு.

அவள் வயதுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தாய்மாமன் இல்லாமல் சடங்கு செய்ய முடியாது. தாய்மாமன் ஆறுமுகநயினார் ஷார்ஜாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு கிடைக்காமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த சடங்கை இனி எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று அனுஷா நிம்மதியாக இருந்தபோது, இருபது கிலோ பெட்டி, கறுப்புக் கண்ணாடி, அத்தர் வாசனை சகிதம் மாமன் வந்து இறங்கிவிட்டார்.

“எம்மா, வேற ஞாயித்துக்கெழம வச்சுக்கிடலாம்லா?” என்றாள் அனுஷா, குரல் வெளியே வராமல்.

“மாமனுக்கு லீவே இம்புட்டுத்தான். பின்ன எப்ப வைக்க?” பேச்சி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “மண்டபத்துக்குப் பறஞ்சு அட்வான்ஸும் குடுத்தாச்சு. மாமன் சீலை எடுத்தாச்சு. நீ போயி கூட்டாளி வீட்டுல கேக்கு தின்னணுமாக்கும்.”

அப்பாவைப் பார்த்தாள். துணி தேய்க்கிற மகாராஜா சடங்கு விவகாரத்தில் மச்சினனுக்கு எதிராக வாய் திறக்கிற அளவுக்குப் பெரிய மகாராஜா இல்லை.

மறுநாள் பள்ளியில் அஸ்வதியிடம் மலையாளத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். “என்னால வர முடியாது. வீட்டுல ஒரு விசேஷம். மாமா வந்திருக்காங்க. எனக்கு இஷ்டமே இல்லை, அம்மா விடமாட்டாங்க.” என்ன விசேஷம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்தப் பள்ளியில், குதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எப்படிச் சொல்வது? கண் மட்டும் நிறைந்துவிட்டது. அஸ்வதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளப்பில் படித்த பாடப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையைத் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. அதனால் அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

இதற்கிடையில் ஆறுமுகநயினாருக்கு ஃப்ளெக்ஸ் ஆசை வந்தது. மருமகள் சடங்குக்கு ஃப்ளெக்ஸ் வைக்காத தாய்மாமன் ஒரு மாமனா? கேரளத்தில் ஃப்ளெக்ஸுக்குத் தடை என்று மகாராஜா சொல்லிப் பார்த்தார். மாமன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் செங்கோட்டைக்குப் போய் அடித்து, பாய் மாதிரி சுருட்டி, பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார். ஒன்று மண்டபத்து வாசலுக்கு. இன்னொன்று கவடியாரில், தேய்ப்பு வண்டிக்குப் பின்னால் உள்ள மாமரத்துக்கு. வாடிக்கைக்காரர்கள் எல்லாம் பார்க்க வேண்டாமா?

பார்த்தார்கள். பார்க்காமல் போக முடியாத ஃப்ளெக்ஸ் அது. மேகத்துக்கு நடுவே ஓர் அரண்மனை. அரண்மனை முன்னால் கிரீடம் வைத்த அனுஷா. அவளுக்குப் பக்கத்தில் அவளைவிட மூன்று மடங்கு பெரிதாக, கறுப்புக் கண்ணாடியும் முறுக்கு மீசையுமாக ஆறுமுகநயினார். செலவு அவருடையது அல்லவா? கடைக்காரனிடம் கல்யாண டிசைன்தான் தயாராக இருந்தது. அவசரத்தில் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சிவப்பு இதயங்களையும் ஒரு ஜோடிப் புறாவையும் அப்படியே விட்டுவிட்டான். கீழே கொட்டை எழுத்தில் ‘வாழ்த்தும் நெஞ்சம்: ஷார்ஜா புகழ் ஆறுமுகநயினார்’.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸ்வதியின் கார் அந்த மாமரத்தைத் தாண்டிப்போய், சட்டென்று நின்று, பின்னால் வந்தது. தமிழ் எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. படம் பிடிபட்டது. தேதியும் மணியும் பிடிபட்டன. போட்டோ எடுத்து ஆர்ஷாவுக்கு அனுப்பினாள். ஆர்ஷா அதை போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தாள். பூப்புனித நீராட்டு விழா என்பது ‘பூ புனிதக் குளியல்’ என்று வந்தது. கல்யாணம் என்று வெளிப்படையாகப் போட்டால் போலீஸ் வரும், அதனால் குளியல் என்று மறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று இருவரும் ஒரே மனதாக முடிவுகட்டினார்கள். அனுஷாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே என்று இருவருக்குமே தோன்றவில்லை. அவள் போன் இந்நேரம் மீசைக்காரன் கையில் இருக்கும் என்று நினைத்தார்கள். போன் பாவம் வீட்டில் அனுஷாவின் தலையணைக்கு அடியில், யாராவது கூப்பிடமாட்டார்களா என்று கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கரமனை ஆற்றுப் பக்கம் ஒரு சிறிய மண்டபம். கொல்லையில் பிரியாணி அண்டா வாசம் கிளப்பியது. நையாண்டி மேளம் வேண்டும் என்று மாமன் ஒற்றைக் காலில் நின்றும் செண்டைக்காரர்கள்தான் கிடைத்தார்கள். அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. தெருமுனையில் அவர்கள் அடித்த அடியில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பின்னால் ஆப்பிள், லட்டு, வளையல், பட்டு என்று தட்டு தட்டாக மாமன் சீர் வந்தது. மகாராஜா விடிவதற்குள் எழுந்து குடும்பத்தில் அத்தனை பேர் சட்டையையும் தேய்த்து வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் மடிப்புக் கலையாமல் உட்காரப் படாத பாடு பட்டார்கள்.

மேடையில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. அதில் அனுஷா, மாமன் எடுத்த கனத்த பட்டுக்குள். முகம் மட்டும் உர்ரென்று இருந்தது. போட்டோக்காரர் சிரிம்மா சிரிம்மா என்று கெஞ்சி ஓய்ந்துவிட்டார். அவளுக்கு அங்கே கேக் வெட்டும் நேரம்தான் மனதில் ஓடியது. ஆறுமுகநயினார் ரோஜா மாலையை இரண்டு கையாலும் தூக்கினார். செண்டை உச்சத்துக்குப் போயிற்று. அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

முதலில் கைத்தறிச் சேலை கட்டிய, குழந்தைகள் நலத் துறை அதிகாரி அம்மாள் ஒருவர். பின்னால் ஒரு போலீஸ்காரரும் ஒரு பெண் போலீசும். அதற்குப் பின்னால் நீளமான வெள்ளைக் கார்; அதிலிருந்து ஆர்ஷாவும், வெள்ளிச் சரிகை மின்னும் பிறந்தநாள் கவுனில் அஸ்வதியும் இறங்கினார்கள். அழுது அழுது அஸ்வதியின் கண்மை கன்னத்துக்கு வந்திருந்தது. செண்டை ஒவ்வொன்றாக நின்றது.

ஆறுமுகநயினாருக்குப் புரிந்ததெல்லாம் பெரிய இடத்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பதுதான். “வாங்க வாங்க! எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும்,” என்றார் மாலையோடு.

“அந்த மாலையை இடான் பாடில்லா,” என்றார் அதிகாரி. போடக் கூடாது. “குழந்தைக்குப் பதினஞ்சு வயசு. நீங்க ஆரு?”

“நான் ஆரா? நல்லா கேட்டிய போங்க. நான் இவளுக்குத் தாய்மாமனாக்கும்!” என்றார் மாமன், நெஞ்சை நிமிர்த்தி. அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

சரியாகவில்லை. அதிகாரி அம்மாள் தமிழ்நாட்டு எல்லையான பாறசாலைப் பக்கம் பல வருஷம் வேலை பார்த்தவர். முகம் இறுகியது. “உங்க ஆளுகளிலே தாய்மாமன் கெட்டுறது உண்டல்லோ? எனக்கு அறியாம், நல்லாத் தெரியும்.”

அஸ்வதி ‘அய்யோ’ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டபத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஆறுமுகநயினார் வாய் பிளந்து நிற்க, அவருடைய மனைவி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்தாள்.

“எம்மா அதிகாரி, நல்லாப் பாத்துக்கிடுங்க. இந்த மனுசனைக் கெட்டிட்டு நான் ஒருத்தி படுத பாடு போதாதா? இதுக்கு இன்னொருத்தி வேறயா?”

மண்டபமே கொல்லென்று சிரித்தது. போலீஸ்காரர் மீசைக்குள் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் ஆளாளுக்கு விளக்கம் சொல்லக் கிளம்பினார்கள். பேச்சி தமிழில், மகாராஜா மலையாளத்தில், சங்கரன்கோவில் சித்தப்பா சத்தத்தில். அதிகாரி கையைத் தூக்கினார். “ஆரும் மிண்டண்டா. மோளு பறயட்டே.”

யாரும் பேச வேண்டாம், பிள்ளை சொல்லட்டும் என்றதும் எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள்.

அனுஷாவுக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்லிவிட்டு ஜீப் வரைக்கும் நடந்தால், இந்தச் சிம்மாசனமும் பட்டும் மாலையும் ஒழியும், ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. பொய்கூட இல்லை, இஷ்டம் இல்லைதானே? ஆனால் எதிரே கன்னமெல்லாம் கறுப்பாக அஸ்வதி நின்றாள். அங்கே கேக்கை வெட்டாமல் விட்டுவிட்டு, ஓட்டல் நிறைய விருந்தாளிகளை விட்டுவிட்டு, பதினாறாவது பிறந்தநாளை அப்படியே போட்டுவிட்டு இவளுக்காக ஓடி வந்திருக்கிறாள். அனுஷாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதே சமயம் கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

எழுந்து நின்றாள். “இது கல்யாணம் இல்ல மேடம்,” என்று மலையாளத்தில் ஆரம்பித்தாள். “வயசுக்கு வந்த பொண்ணுக்குச் செய்யுற சடங்கு. எங்க ஆளுகள்ல எல்லா வீட்டுலயும் உண்டு. இவர் என் அம்மாவோட தம்பி. ஃப்ளெக்ஸ்ல இருக்கிற ஹார்ட்டு கடைக்காரன் போட்டது.”

மண்டபம் மூச்சு விட்டது. அதிகாரியும் தளர்ந்து, பையை மாட்டிக்கொண்டே, முறைக்காக ஒரு கேள்வி கேட்டார். “அப்போ மோளுக்கு இதிலே சம்மதம்தானே?”

“இல்ல,” என்றாள் அனுஷா.

“ஏட்டி!” என்றாள் பேச்சி.

“இல்லம்மா. சம்மதமான்னு என்கிட்ட ஆரு கேட்டா?” இப்போது தமிழ். அதுவும் சங்கரன்கோவிலும் சாலைக் கடைத்தெருவும் கலந்த அவளுடைய சொந்தத் தமிழ், மேடையிலிருந்து கடைசி வரிசைவரை கேட்டது. “என்னைக்கு வைக்கலாம்னு கேக்கல. ஃப்ளெக்ஸ்ல மூஞ்சியப் போடட்டான்னு கேக்கல. இந்தச் சீலை கலரு புடிக்குதான்னுகூட ஒருத்தரும் கேக்கல.” பிறகு அஸ்வதியின் பக்கம் திரும்பி மலையாளத்துக்கு மாறினாள். “நீயும் கேக்கலடீ. மூணு வருஷமா கேக்கல. எனக்குப் பசிக்குதான்னு, எனக்கு நீலம் பிடிக்குமான்னு, ஒண்ணும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா நீ இப்போ கேக் வெட்டிட்டிருப்பே.”

சொல்லி முடித்ததும், எல்லோரையும் ஒரே நாளில் இழந்தாயிற்று என்று நினைத்தாள்.

“பத்துப் பேரு முன்னால மாமன் மானத்தை வாங்கிட்டியே பாவி,” என்று பேச்சி அழ ஆரம்பித்தாள். ஆறுமுகநயினார் அக்காவைக் கையமர்த்தினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் மிகவும் களைத்த முகம்.

“அவ சொல்லட்டும்க்கா. சரியாத்தான் சொல்லுதா. அங்க கேம்ப்ல எப்ப திங்கணும், எப்ப உறங்கணும் எல்லாம் கம்பெனிக்காரன்தான் சொல்லுவான். லீவு எப்ப வேணும்னுகூட என்னை ஒருத்தன் கேட்டதில்ல. கேக்காட்டி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நானும் கேக்கல பாத்தியா.” மேடைப் படியில் உட்கார்ந்து, மாலையை மடியில் வைத்துக்கொண்டார். “சரி மருமவளே. இப்பக் கேக்கேன். மாலை போடட்டா, வேண்டாமா? வேண்டாம்னா பிரியாணியத் தின்னுட்டு எல்லாவனும் வீட்டுக்குப் போவட்டும்.”

அஸ்வதி வந்து, அந்த வெள்ளிக் கவுனோடு அதே படியில் அவருக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். “ஸாரிடீ. ஞானும் சோதிக்குவா. நானும் கேக்கறேன். நான் இருக்கட்டுமா, போகட்டுமா?”

போலீஸ்காரர் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், எப்படியானாலும் ஃப்ளெக்ஸ் குற்றம்தான் என்றார். அவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

அனுஷா யோசித்தாள். ‘வேண்டாம்’ என்பதைத்தான் இத்தனை நாளும் நெஞ்சுக்குள் தயாராக வைத்திருந்தாள்; கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்ததே இல்லை. செண்டைக்காரர்கள் கோலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்கள். அண்டா பக்கமிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு மண்டபம் முழுக்கத் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. வேண்டுமென்றே சேலை மடிப்பை ஒருமுறை சரிசெய்துகொண்டாள்.

“போடுங்க மாமா,” என்றாள் கடைசியில். “நேர்ல வந்துதான் போடணும்னு ரெண்டு வருசம் காத்துக் கெடந்தீங்க. எனக்குத் தெரியும்.” பிறகு அஸ்வதியிடம், “நீ இரு. சாப்பிடு. சாயங்காலம் உங்க ஓட்டலுக்கு நான் வரேன். நைட்டு தங்குறேன்,” என்றாள்.

“ஆரு விட்டா?” என்று எங்கிருந்தோ சித்தப்பா குரல் வந்தது.

அனுஷா மேடையை விட்டு இறங்கினாள். பட்டுச் சேலை தடுக்காமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டுகளுக்கு நடுவே நின்று அழுதுகொண்டிருந்த பேச்சியின் முன்னால் போய் நின்றாள்.

“எம்மா, போவட்டா?”

பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “இப்ப நீ கேக்கியா, சொல்லுதியா?”

“கேக்கேன்மா.”

பதிமூன்று வயதில் பேச்சிக்கும் ஒரு மாமன் மாலை போட்டார். பதினெட்டில் மகாராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து இந்த ஊருக்கு அனுப்பினார்கள். எதற்கும் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் எப்படிப் பதில் சொல்வார்கள் என்று தெரியாமல் அவள் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அதிகாரி அம்மாளைக்கூடப் பார்த்தாள். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லோரும் அவள் சொல்லட்டும் என்று நின்றார்கள்.

“போ,” என்றாள் பேச்சி. சொன்னது தன் வாய்தானா என்பதுபோல் ஒரு நொடி நின்றுவிட்டு, இன்னும் சத்தமாகச் சொன்னாள். “போயிட்டு வா. ஆனா ரெண்டு வாய் சோறு தின்னுட்டுப் போ.”